செத்துவிட்டார் என்று சொல்லாத ஊர்

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இருந்த தங்கமீன் செத்துப்போனது. பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னிடம் மகள் ஷைனி வந்தாள். ஆறு வயது. ஒரு காலில் மட்டும் சாக்ஸ். "மம்மி, ஃபிஷ் டைட்" என்றாள். சொல்லிவிட்டு இன்னொரு சாக்ஸைத் தேடப் போய்விட்டாள்.

எனக்கு அந்தச் சிறுக்கி மேல் பொறாமையாக இருந்தது. அவள் ஒரே மூச்சில் சொன்னதை என் உறவுக்கூட்டம் முழுவதும் சேர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தது. அது நடந்தது 2001 மே மாதம். இந்த மாதத்தோடு ஆறு வருடம்.

நான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில், முதியோர் வார்டில் நர்ஸ். சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. அப்பாவுக்கு அங்கே முந்திரிக் கொல்லை இருந்தது. இப்போது தம்பி அந்தோணி பார்க்கிறான். அவனும் நானும் பேசுவதில்லை. ஏன் பேசுவதில்லை என்று ஊரில் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள் என்று கேள்வி. கொல்லைப் பங்கு என்கிறார்களாம். நகை என்கிறார்களாம். ஒரு மண்ணும் இல்லை. எல்லாம் ஒரு சொல்லால் வந்தது.

அடுத்த வாரம் புதிதாக வந்திருக்கும் நம் நாட்டு நர்ஸ்களுக்கு நான் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். சாவதைச் சொல்லும் 'டை' என்ற ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிய வகுப்பு. அதற்குக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தவள் இதை எழுத ஆரம்பித்துவிட்டேன். ஊரில் இருக்கும் நீங்கள் படித்துவிட்டுக் கோபப்பட்டால் படுங்கள்.

2

இங்கே வந்த முதல் மாதம் ஒரு பெண்ணிடம் "உங்கள் அப்பா எக்ஸ்பயர்டு" என்று சொன்னேன். அரியலூரில் வேலை பார்த்த காலத்தில் அப்படித்தான் எழுதுவோம். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, "என் அப்பா என்ன, ஃப்ரிட்ஜில் இருக்கும் பாலா?" என்று கேட்டாள். மறுநாள் புகார் வந்துவிட்டது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு என்னை மார்கரெட் என்ற அம்மாளின் வகுப்புக்கு அனுப்பினார்கள்.

மார்கரெட் பலகையில் வரிசையாக எழுதினாள். 'பாஸ்ட் அவே' என்பது அக்கம்பக்கத்தார் பேச்சு, அனுதாப அட்டையில் அச்சடிப்பது. 'பாஸ்ட் ஆன்' என்று சொல்பவருக்கு மறுமை மேல் நம்பிக்கை இருக்கும். 'லாஸ்ட்' என்பதைப் பறிகொடுத்தவர்தான் சொல்ல வேண்டும், நர்ஸ் சொல்லக் கூடாது. ஒரு நர்ஸ் அப்படிச் சொல்லப்போய், கிழவர் ஒருவர் எழுந்து தன் மனைவியை வராந்தாவில் தேடினாராம். 'பெரிஷ்ட்' என்பது தீயிலும் வெள்ளத்திலும் செத்தவர்களுக்குப் பத்திரிகைக்காரன் போடுவது. 'ஸ்லிப்ட் அவே' என்றால் தூக்கத்தில், வலியில்லாமல். வாளியை உதைத்தான் என்றுகூட ஒன்று இருக்கிறது. அது நம் மண்டையைப் போட்டான் மாதிரி, சாராயக் கடையில் மட்டும் செல்லும்.

எல்லாவற்றையும் எழுதி முடித்து, ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்தாள். "டைட். இது மட்டும்தான். எதிரில் உட்காருங்கள். பெயரைச் சொல்லுங்கள். டைட் என்று சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள்" என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். செய்தியைக் கேட்டவர்கள் சம்பந்தமில்லாமல் ஏதாவது கேட்பார்கள். அவருக்குக் குளிருமே, போர்த்தியிருக்கிறீர்களா என்பார்கள். சாப்பிட்டாரா என்பார்கள். காதில் விழாமல் கேட்பதில்லை, விழுந்ததால்தான் கேட்கிறார்கள். அப்போது இரக்கப்பட்டுப் பொய் சொல்லாதீர்கள், அதே சொல்லை இன்னொரு முறை மெதுவாகச் சொல்லுங்கள் என்றாள்.

இதென்ன கல்நெஞ்சு என்று அன்றைக்கு மனதுக்குள் திட்டினேன்.

3

நம்மிடம் இல்லாத சொல்லா? ஊர் போஸ்டரில் 'இயற்கை எய்தினார்'. கோயில் ஒலிபெருக்கியில் 'ஆண்டவரில் துயில் கொண்டார்'. பெரம்பலூரில் நாங்கள் துணி எடுக்கும் கடைக்காரர் லெப்பைக்குடிக்காட்டு பாய், "எங்க மாமு மவுத்தாயிட்டாங்க" என்பார். தவறிட்டாரு, பூட்டாரு, போயி சேந்துட்டாரு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் எந்தச் சொல் யாருக்கு என்பதில் நாம் எவ்வளவு கறார் என்று யோசித்திருக்கிறீர்களா? 1996இல் அரியலூரில் ஒரு சின்ன நர்சிங்ஹோமில் இருந்தேன். சுண்ணாம்புக்கல் குவாரியில் சரிந்த பாறைக்கு அடியிலிருந்து ஒருவரை எடுத்துக்கொண்டு வந்தார்கள். கூட வந்த மேஸ்திரி வாசலிலேயே நின்று, "பாருங்க சிஸ்டர், செத்துட்டானான்னு" என்றான். அதே மாதம் சிமெண்ட் கம்பெனி ஆபீசர் ஒருவர் மாரடைப்பில் போனார். அதே மேஸ்திரிதான் வந்தான். கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா காலமாயிட்டாங்களாம்மா?" என்றான். ஆபீசருக்குக் காலம், கூலிக்காரனுக்குச் சாவு. ராணியும் டைட், தங்கமீனும் டைட் என்று சொல்கிற இந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்கு ஆயிரம் குறை உண்டு, இந்த ஒன்றில் இல்லை.

அது போகட்டும். இத்தனை சொல்லில் ஒன்றைக்கூட நாம் சொல்ல வேண்டியவரிடம் சொல்வதில்லை. அதற்கென்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறோம், சீரியஸ். வெளியூரில் இருக்கும் மகனுக்கு, மகளுக்கு, "அப்பாவுக்கு சீரியஸ், ஒடனே கெளம்பி வா" என்று சொல்லி அனுப்புவோம். கேட்டவன் எதுவும் கேட்க மாட்டான். புரிந்துகொண்டு அழுதபடி பஸ் ஏறுவான். தெரு முனைக்கு வந்ததும் மேளச்சத்தமோ மணிச்சத்தமோ மிச்சத்தைச் சொல்லிவிடும்.

4

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் பிள்ளை பெற்று நாற்பது நாள்கூட ஆகவில்லை. கணவர் சேவியர் கிடங்கு வேலைக்குப் போயிருந்தார். பகல் நேரம். ஷைனியைத் தூங்க வைத்துவிட்டு நிமிர்ந்தேன், போன் வந்தது. அந்தோணி.

"அக்கா, அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியசா இருக்கு."

"எங்கடா வெச்சிருக்கீங்க?"

"திருச்சில. நெஞ்சு வலின்னு சொன்னாரு."

"பிரஷர் எவ்ளோ?"

கொஞ்சம் தயங்கினான். "நூத்திப் பத்துக்கு எழுவது."

"யூரின் போவுதா?"

"போவுதுக்கா."

சீரியஸ் என்றால் என்ன என்று ஊர்க்காரிக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் நான் நர்ஸ். எண்ணைக் கேட்டேன், எண் வந்தது. செத்தவருக்கு ஏது பிரஷர்? நூற்றுப் பத்துக்கு எழுபது என்றால் பிழைத்துக்கொள்ளும் மனிதர். நெஞ்சு குளிர்ந்து போனது.

பிழைக்கும் அப்பாவுக்குப் பேத்தியைக் காட்ட வேண்டாமா? அதுதான் நான் நினைத்தது. "புள்ளையத் தூக்கிக்கிட்டு வரேன்டா, பாஸ்போர்ட் எடுக்கணும், ஒரு வாரம் ஆவும்" என்றேன்.

"பொறுமையா வாக்கா" என்றான்.

அப்பா அன்றைக்குக் காலையிலேயே கொல்லையில் விழுந்து செத்திருந்தார். திருச்சிக்கு யாரும் போகவே இல்லை.

5

கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுப்பது எப்படி என்று தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். புகைப்படத்தில் குழந்தையின் கண் திறந்திருக்க வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும். பின்னால் வெள்ளைத் துணி, ஆனால் தாங்கிப் பிடிக்கும் கை தெரியக் கூடாது. ஷைனி கண்ணைத் திறந்தால் வாயையும் திறந்தாள். முதல் படத்தைத் திருப்பி அனுப்பினார்கள், கண் பாதிதான் திறந்திருக்கிறதாம். மறுபடியும் ரயில் ஏறி இந்தியத் தூதரகத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்தவர் "அவசரம் என்ன காரணம்?" என்று கேட்டார். "அப்பாவுக்கு சீரியஸ்" என்றேன். அவரும் நம் பக்கத்து ஆள்தான். சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, எனக்குத்தான் புரியவில்லை.

தினமும் போன் செய்தேன். டாக்டரிடம் பேசுகிறேன் என்றால் ரவுண்ட்ஸ் போயிருக்கிறார் என்பான். அப்பாவிடம் கொடு என்றால் டியூப் போட்டிருக்கு என்பான். "ஒரே பக்கமா படுக்க வெக்காதடா. முதுகுல புண்ணு வந்துடும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் போடு" என்று சொன்னேன்.

"திருப்பிட்டுதான் இருக்கோம்க்கா."

புதைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது அப்போது. மண்ணுக்குள் இருக்கும் மனிதருக்குப் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு எவரையாவது அறைய வேண்டும் போல இருக்கிறது.

6

சென்னையில் இறங்கி ரயிலில் அரியலூர் வந்தேன். ஸ்டேஷனில் அந்தோணி நின்றான், தாடியோடு. ஒன்றும் பேசாமல் குழந்தையை வாங்கிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் மாற்றிக்கொடுக்க அப்பாவுக்கு இரண்டு பனியன் வாங்கி வந்திருந்தேன், அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தேன்.

திருச்சி ரோட்டுக்குத் திரும்ப வேண்டிய வண்டி எங்கள் ஊர் இருக்கும் ஜெயங்கொண்டம் பக்கம் திரும்பியது.

"எங்கடா போறோம்?"

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"வூட்டுக்குக் கொண்டாந்துட்டீங்களா? டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்களா?"

டிரைவர் பாட்டை நிறுத்தினார். ஊர் எல்லை பஸ் ஸ்டாப் சுவரில் அப்பாவின் படம். வெயிலில் ஒரு மூலை உரிந்து தொங்கியது. 'இறைவனடி சேர்ந்தார்.' கீழே கண்ணீருடன் என்று பெயர் வரிசை. இரண்டாவதாக என் பெயர், பக்கத்தில் லண்டன் என்று போட்டு. நான் இருக்கும் ஊருக்கும் லண்டனுக்கும் அரை நாள் தூரம். சொல்லப்படாத துக்கத்துக்கு என் பெயரில் கண்ணீர் விட்டு அச்சடித்திருக்கிறார்கள், பஸ்ஸுக்கு நிற்பவனெல்லாம் ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

7

கல்லறையில் நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்படியில் வைத்துத்தான் சண்டை தொடங்கியது. அம்மா வெள்ளைச் சேலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது.

"பச்ச ஒடம்புக்காரிகிட்ட எப்புடிடி சொல்றது? பாலு கட்டிக்கிட்டா? ஜன்னி கண்டுச்சின்னா? அங்க ஒன்னத் தாங்கிப் புடிக்க யாரு இருக்கா?" என்றது.

"தாங்க மாட்டேன்னு ஒங்ககிட்ட நான் சொன்னேனா? தெனம் பொணத்தக் கழுவிச் சுத்துற வேலம்மா எனக்கு."

"அது ஊரான் வூட்டுப் பொணம்."

அந்தோணி இடையில் வந்தான். "நீதான ஒரு வாரம் ஆவும்ன? கத்திரி வெயிலு. எத்தினி நாளு வெச்சிருக்க முடியும்?"

"செத்துட்டாருன்னு சொல்லியிருந்தா புள்ளைய அதோட அப்பங்கிட்ட விட்டுட்டு அன்னிக்கே ஏறியிருப்பேன்டா. ஒரு ஐஸ் பொட்டி வெச்சிருந்தா மொகத்தப் பாத்திருப்பேன். நீ சொன்ன பொய்க்கு நான் போட்டோ எடுத்துக்கிட்டு திரிஞ்சேன்."

"எல்லாரும் சொல்லாதன்னாங்க."

"எல்லாரும் சொல்லட்டும். அந்த நூத்திப் பத்துக்கு எழுவது யாருதுடா?"

அம்மாதான் சொன்னது. "அது என்னுதுடி. நான் மயங்கி வுழுந்துட்டேன்னு ஆரம்ப சுகாதாரத்துலேருந்து நர்ஸ் வந்து பாத்துச்சு. நீ கேக்கவும் அவன் அதச் சொல்லிப்புட்டான்."

கட்டிய கணவன் பிணமாகக் கிடக்கும்போது அம்மாவின் பிரஷர் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

கிளம்பும்போது அந்தோணியிடம் சொன்னேன். "இனிமே இந்த வூட்டுல யாரு செத்தாலும் செத்துட்டாங்கன்னு எங்கிட்ட சொல்லணும். சீரியஸ்னு சொன்ன, ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

"சொல்றேன். நாய் செத்தாச் சொல்றாப்புல சொல்றேன். போதுமா?"

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் போன் செய்வேன். அவன் எடுத்தால் "அம்மா" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு ரிசீவரைக் கீழே வைத்துவிடுவான். அவனுக்குக் கல்யாணம் நடந்தது, நான் போகவில்லை. "ஒரு வார்த்தைக்காடி இம்புட்டு?" என்று அம்மா கேட்கும். ஆமாம், ஒரு வார்த்தைக்குத்தான். அப்பாவின் முகத்தை நான் பார்க்காமல் போனது அந்த ஒரு வார்த்தையால்தானே? அவனாக வந்து தப்பு என்று சொல்லட்டும் என்று இருந்தேன். அவன் சொல்லவில்லை.

8

வகுப்பு நேற்று முடிந்தது. எட்டுப் பெண்கள், பாதிப் பேர் நம் பக்கம். மார்கரெட் ஓய்வு பெற்றுவிட்டாள், அவள் பலகை என் கைக்கு வந்திருக்கிறது. நானும் எல்லாவற்றையும் எழுதினேன், ஒன்றை விட்டுவிட்டு அழித்தேன். கும்பகோணத்துப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"அக்கா, மூஞ்சிக்கு நேரா அப்படிச் சொல்றது பாவம் இல்லீங்களா?"

"சொல்லாம விடுறதுதான் பாவம்" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "மறைக்கிறது அவங்களுக்காக இல்ல. அவங்க அழுறத நாம பாக்கணுமேன்னுதான். நம்ம பயத்துக்கு இரக்கம்னு பேரு வெச்சிக்கிறோம்." அந்தப் பெண் கையை இறக்கிக்கொண்டாள். பாவம், அவள் அப்பா அம்மா ஊரில் நன்றாக இருக்கிறார்கள் போலிருக்கிறது.

கேட்டவர்கள் சம்பந்தமில்லாமல் ஏதாவது கேட்டால் பொய் சொல்லாதீர்கள், சொல்லைத் திரும்பச் சொல்லுங்கள் என்றும் சொல்லிக்கொடுத்தேன்.

9

இதை விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று வகுப்பை முடித்துவிட்டுக் காகிதக் கோப்பையில் டீயோடு வராந்தாவுக்கு வந்தேன். செல்போன் அடித்தது. ஊர் நம்பர். சனிக்கிழமை இல்லை, நானும் போன் செய்யவில்லை.

"அம்மா செத்துடுச்சு."

அந்தோணி. அக்கா என்று கூப்பிடவில்லை. பெயரும் சொல்லவில்லை. சொன்னபடி, நாய் செத்தால் சொல்வது போலத்தான் சொன்னான். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான், மார்கரெட்டிடம் படித்தவன் மாதிரி.

ஆறு வருடமாக நான் சண்டை போட்டுக் கேட்ட சொல் அது. கையில் வந்துவிட்டது. எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. சீரியஸ் என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா இந்தப் பாவி, வீடு போய்ச் சேரும் வரைக்குமாவது, என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

என் வாய் தானாகக் கேட்டது.

"பிரஷர் எவ்ளோடா?"

அவனுக்குப் பின்னால் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. பெண்கள் அழும் சத்தம் கேட்டது. அவன் மூச்சு விடுவது கேட்டது. அவன் அந்தச் சொல்லை மறுபடியும் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் சரி. அதைத்தான் சற்று முன் எட்டுப் பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

"நூத்திப் பத்துக்கு எழுவது" என்றான்.

"யூரின்?"

"போவுதுக்கா."

நான் சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதேன். அவனும் அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஐஸ் பொட்டி வந்துடுச்சு. நீ வந்து மொகத்தப் பாக்குற வரைக்கும் எடுக்க மாட்டோம். எவன் என்ன சொன்னாலும் எடுக்க மாட்டோம்" என்றான்.

ஷைனி பக்கத்து நாற்காலியில் தன் பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள், அவளுடைய கண் திறந்த படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. "அம்மாயி டைட்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

அரியலூர் ஸ்டேஷனுக்கு அந்தோணியே வருகிறானாம். வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று இந்த முறை எனக்குத் தெரியும்.